சாந்தாமேரியின் ஏணிப் பாட்டு

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருபது வருஷம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். கடைக்கு வருகிறவர் ஒரு சீட்டில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுப்பார். நான் அறுபது நிமிஷ நாடாவில் பதிந்து கொடுப்பேன். ஒருவர் பாடியதை இன்னொருவருக்கு விற்கிற தொழில், அவ்வளவுதான்.

எல்லோரும் வாசலிலேயே சத்தியம் வாங்குவார்கள். "ஏனுங் பாய், ஒரிஜினல் குரல்தானுங்களே?" என்பார்கள். நானும் தலையை ஆட்டுவேன். எண்பதுகளில் எந்தப் பாட்டு பிரபலமானாலும், அடுத்த மாதமே அதை வேறு ஆள் பாடி மலிவு கேசட் வந்துவிடும். அட்டையில் ஒரிஜினல் பாடகர் படம் பெரிதாக இருக்கும். கீழ்மூலையில் எறும்பு ஊர்ந்த மாதிரி 'மாற்றுக் குரல்' என்று போட்டிருக்கும். அதையும் பதிந்து விற்றேன். ஒருவராவது திரும்பி வந்து கேட்டதில்லை. ஒரிஜினல், ஒரிஜினல் என்று உயிரை விடுகிற ஜனத்துக்குக் காதில் விழுவது எது என்று தெரியாது. இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

சாந்தாமேரி அக்கா மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கூலி வேலை செய்தவர். எழுபத்தெட்டில் அவர் புருஷன் லாசர், மிளகு பறிக்க சில்வர் மரத்தில் ஏறினான். காபிக்கு நிழல் வேண்டும் என்று எஸ்டேட் முழுக்க நட்டு வைத்திருப்பார்களே, அந்த மரம். மிளகுக் கொடி அதன்மேல்தான் படரும். ஏணி போட்டு ஏறினவன், ஏணி முடிந்த பிறகும் கொப்பைப் பிடித்து மேலே போனான். கொப்பு ஒடிந்தது. சாத்தி வைத்த ஏணி சாத்தினபடியே நின்றது. எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு நாள் லீவு என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார்.

அன்றைக்குப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அக்கா பாடியது யாரும் சொல்லிக் கொடுத்த பாட்டு இல்லை. அவர் வாயில் வந்தது:

சில்வர் மரத்து உச்சியில மிளகெடுக்கப் போனவரே,
ஏணி இங்கே நிக்குதய்யா, எறங்கி வர நேரமில்லையா?

அடுத்த சாவு வீட்டில் அதையே பாடச் சொன்னார்கள். அதற்கடுத்த வீட்டிலும் சொன்னார்கள். மாரமங்கலத்துக்கு மைக் செட் கட்டப் போனபோது நான் முதல்முறை கேட்டேன். செத்தது யாரோ ஒரு கிழவர், மரம் ஏறினவரே இல்லை. ஆனாலும் அக்கா 'ஏணி இங்கே நிக்குதய்யா' என்று இழுத்த இடத்தில் நான் ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். என் வாப்பாவை நினைத்துக்கொண்டேன். மூன்று வேதக்காரர்களும் அந்தப் பாட்டுக்கு அழுதோம். அவர் யாரிடமும் கூலி வாங்கியதில்லை. கொடுத்த டீயைக் குடித்துவிட்டு நடந்தே மஞ்சக்குட்டைக்குப் போய்விடுவார்.

தன் வீட்டில் மட்டும் அதைப் பாட மாட்டார். சாவுப் பாட்டைச் சும்மா இருக்கிற வீட்டில் பாடினால் சாவைக் கூப்பிட்ட மாதிரி என்பது இந்த மலையில் எல்லோருக்கும் உள்ள பயம். மகள் லூர்துசெல்விக்கு அப்பன் சாகும்போது நாலு வயது. அடுத்த வருஷமே சேலத்தில் கன்னியர் நடத்துகிற ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார்கள். லீவுக்கு வந்தாலும் சாவு வீட்டுக்கு யாரும் கூட்டிப் போகவில்லை. ஊரே கேட்ட பாட்டை அந்தப் பெண் மட்டும் கேட்டதில்லை.

எண்பத்தாறில் பாக்கியநாதன் உபதேசியார் ஒரு சாவு வீட்டில் டேப் ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர், பெரிய மனுஷர். யார் என்ன கேட்பார்கள்? எட்டு மாதம் கழித்து மெட்ராஸ் கம்பெனியிலிருந்து 'இளைப்பாறும் நேரம்' என்று ஒரு கேசட் வந்தது. பாடியவர் ஜெயகுமாரி. அப்போது கிறிஸ்தவப் பாட்டில் அவர்தான் ராணி. பாடல் இயற்றியவர், மலைநாட்டுக் கவி பாக்கியநாதன். முதல் பாட்டு இப்படி இருந்தது:

ஒலிவ மரத்து நிழலினிலே உறங்குகின்ற ஆத்துமாவே,
ஏணி விண்ணில் நிற்குதையா, ஏறிச் செல்ல நேரமில்லையா?

மெட்டு அப்படியே அக்காவுடையது. பின்னால் வயலின் வைத்திருந்தார்கள். ஜெயகுமாரியை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் கொடுத்த காகிதத்தை நன்றாகத்தான் பாடியிருந்தார்.

அக்கா அதை முதலில் கேட்டதே என் கடை வாசலில்தான். பஸ்ஸுக்கு நின்றிருந்தவர் அப்படியே படியேறி வந்தார்.

"இது என்ற பாட்டுங்களே பாய்."

"ஆமாங்க்கா. தெரியுமுங்க."

"நான் எறங்கி வாங்கன்னு கூப்புட்டேன். இவரு ஏறிப் போன்னு அனுப்பிப் போட்டாருங்களே."

நேரே உபதேசியாரிடம் போயிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே, "ஆண்டவரோட பாட்டும்மா. இதுல உன்னுது என்னுதுன்னு என்ன இருக்குது?" என்றாராம். ஆண்டவருடைய பாட்டு என்றால் ஆண்டவர் பெயரையல்லவா அட்டையில் போட்டிருக்க வேண்டும்! அந்தப் பழைய டேப்பையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு, அதன்மேல் சாமியாரின் பிரசங்கத்தைப் பதிந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு பொம்பளையின் குரலை அழித்துவிட்டு அதே மூச்சில் ஆண்டவரையும் இழுக்கிறானே, இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று நான் அக்காவுக்கு எதிரேயே கத்தினேன். கத்திவிட்டு, அன்று சாயங்காலம் அதே கேசட்டை ஆறு பேருக்குப் பதிந்து கொடுத்தேன். மறைக்காமல் சொல்கிறேன், என் கடையில் அந்த வருஷம் அதிகம் ஓடியது அதுதான்.

அதன் பிறகு சாவு வீட்டுக்காரர்கள் அக்காவுக்கு ஆள் அனுப்புவதை விட்டார்கள். கேசட் போட்டால் போதும், டீ கூட வேண்டாம். செம்மநத்தத்தில் ஒரு சாவுக்கு அவராகவே போய்ப் பாட உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வரி போவதற்குள் ஒரு மருமகள்காரி தோளைத் தொட்டு, "அக்கா, வரி தப்பா வருதுங்க. கேசட்ல இருக்கறாப்பல பாடுங்க" என்றாளாம். அக்கா எழுந்து வந்துவிட்டார். பிறகு எந்தச் சாவு வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நாளில் அவருடைய வரி ஜனத்துக்கு மறந்தும் போனது.

தொண்ணூற்றிரண்டு ஜூலையில் அவர் கடைக்கு வந்தார். கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி வளர்ந்திருந்தது. சேலத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. கட்டி குரல் நரம்பைச் சுற்றி இருக்கிறது, எடுத்த பிறகு குரல் திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்.

"ஒருக்கா பாடிப் போடறேன், புடிச்சுக் குடுங்க பாய். லூர்துக்கு வேணும். ஊரு சொன்னதைக் கேட்டு அவ அந்த ஒலிவ மரத்தையே அவங்கப்பன் பாட்டுன்னு நெனச்சுட்டு இருக்கறா. நம்ம மலையில ஒலிவ மரம் எங்கீங்க இருக்குது? அவரு செத்தது சில்வர் மரத்துல. அது அவளுக்குத் தெரியோணும்."

"இங்கே பாடினா கடைக்கு ஆகாதும்பாங்களே அக்கா," என்றேன். சொன்ன உடனே வெட்கமாக இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டேன்.

மதியம் மூன்று மணி. வெளியே பனி இறங்கி, பஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். முதல் தடவை பாதியில் ஹாரன் புகுந்து கெட்டுப்போனது. இரண்டாம் தடவை அக்கா ஒரு கையால் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கழுத்துக் கட்டியைத் தாங்கிக்கொண்டு பாடினார். குரல் பழைய குரல் இல்லை, நடுவில் கரகரத்தது. ஆனால் 'எறங்கி வர நேரமில்லையா' என்று கேட்டபோது பதினாலு வருஷத்துக்கு முன்னால் செத்தவனிடம் கேட்ட மாதிரி இல்லை. மேலே கொப்பில் நிற்கிறவனைச் சாப்பிடக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. நான் மெஷினை நிறுத்த மறந்து நின்றேன்.

"அழிஞ்சு கிழிஞ்சு போயிராதுங்களே?" என்று கேட்டார்.

கேசட்டின் முதுகில் ஓரத்தில் சின்ன பிளாஸ்டிக் காது ஒன்று இருக்கும். அதை உடைத்துவிட்டால் எந்த மெஷினாலும் அதன்மேல் பதிய முடியாது. வருகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுப்பேன். அக்காவுக்கும் அதைத் தொட்டுக் காட்டி, "இதை ஒடச்சுட்டா எந்த உபதேசியாராலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. காப்பி ஒண்ணு எடுத்துட்டு ஒடச்சு வெக்கறேன். நீங்க நல்லா ஆகி வந்து வாங்கிக்கங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து, கேசட்டின் மேல் சின்னதாக ஒரு சிலுவை கீறிவிட்டுக் கொடுத்தார். நான் அட்டையில் 'சாந்தாமேரி' என்று பேனாவால் எழுதி டப்பாவைத் தட்டில் வைத்தேன். ஸ்குரூ டிரைவர் கை எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அந்த வாரமே ஜெயகுமாரி மெட்ராஸில் மாரடைப்பில் செத்துப்போனார்.

மலையே என் கடை வாசலில் வந்து நின்றது. கோயில்காரர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள், எஸ்டேட் ஆட்கள் எல்லோருக்கும் ஜெயகுமாரியின் நினைவாஞ்சலி கேசட் வேண்டும். அவர் பாடியதில் சிறந்த பன்னிரண்டை நானே பொறுக்கிப் பட்டியல் போட்டேன். முதல் பாட்டு எது என்று சொல்ல வேண்டியதில்லை. மூன்றே நாளில் வெற்று கேசட் தீர்ந்துவிட்டது. சேலத்திலும் கிடைக்கவில்லை. யாரும் வாங்காத பழைய பாட்டு கேசட்டுகளை உருவிக் குவித்து, டப்பாக்களைத் தட்டிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக மெஷினில் போட்டு அதன்மேலேயே பதிந்தேன். காது உடைந்திருந்தால் பதியும் பட்டன் கீழே போகாது, அதைத் தள்ளி வைத்துவிடுவேன். பட்டன் இறங்கினால் பதிவேன். எல்லாம் கைப்பழக்கம், கண் பார்க்கவே தேவையில்லை. நான் பார்க்கவும் இல்லை.

செப்டம்பரில் அக்கா வந்தார், மகளைக் கூட்டிக்கொண்டு. லூர்துசெல்வி அப்போது சேலத்தில் ஒரு மில்லில் வேலை செய்துகொண்டிருந்தாள். அக்காவின் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தது. வாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்தது. டாக்டர் சொன்னதுதான் நடந்திருந்தது.

"அம்மா எனக்கு ஏதோ பாட்டு புடிச்சு வெச்சிருக்குதாமுங்க. சாடை காட்டிக் காட்டி என்னைய இளுத்துட்டு வந்துருச்சு," என்றாள் பெண்.

நான் சிரித்தபடி தட்டிலிருந்து 'சாந்தாமேரி' டப்பாவை எடுத்தேன். டப்பா கனமில்லை. திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை.

அங்கே இங்கே தேடுகிற மாதிரி பாவனை செய்தேன். அக்காதான் கவுண்டரில் விற்காமல் கிடந்த நினைவாஞ்சலி குவியலைக் கையால் கலைத்தார். ஐந்தாவதோ ஆறாவதோ, சிலுவை கீறிய கேசட் கையில் வந்தது. என்னிடம் நீட்டினார். போடாமல் இருந்திருக்கலாம். இல்லாத அதிசயம் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேனோ என்னவோ, போட்டேன்.

வயலின் வந்தது. ஒலிவ மரத்து நிழலினிலே என்று ஜெயகுமாரி ஆரம்பித்தார்.

லூர்துசெல்வி முகம் மலர்ந்தாள். "இதானாம்மா? இது நம்ம அப்பா பாட்டாச்சே! நொம்ப நல்லா இருக்குதுங் பாய், ஹாஸ்டல்ல தினமும் போடுவாங்க."

"மெஷின்ல ஏதோ கோளாறுங்க அக்கா," என்றேன். பொய்தான். உபதேசியாராவது ஆண்டவரைச் சாக்குச் சொன்னார். எனக்கு மெஷின் கிடைத்தது.

அக்கா ஒரு கையால் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடியும்வரை நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. பெண் அதைப் பார்த்து, "அம்மாக்கு மனப்பாடம்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அவள் நின்ற இடத்திலிருந்து தெரிந்திருக்காது. எனக்கு நேர் எதிரே தெரிந்தது. அந்த உதடு பாடியது ஒலிவ மரம் இல்லை, வேறு வரி. சத்தம் மட்டும் ஜெயகுமாரியுடையது.

முடிந்ததும் கேசட்டை வெளியே எடுத்துக் கொடுத்தேன். அக்கா அதைத் திருப்பி, முதுகில் உடையாமல் இருந்த காதைக் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கேசட்டை மகள் கையில் வைத்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். அதற்கப்புறம் என் கடைப்படி மிதிக்கவில்லை.

உண்மையை அந்தப் பெண்ணிடம் சொல்ல ஐந்து வருஷம் இருந்தது. இன்றைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று தள்ளினேன். தொண்ணூற்றேழில் அக்கா காலமானபோது லூர்துசெல்வி மைக் செட் கட்ட எனக்குத்தான் ஆள் அனுப்பினாள். போனேன். மஞ்சக்குட்டைக் கல்லறையில் சுற்றிலும் சில்வர் மரம். உபதேசியார் வெள்ளை வேட்டியில் முன்னால் நின்றார். லூர்துசெல்வி கைப்பையிலிருந்து அந்தச் சிலுவைக் கீறல் கேசட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அம்மாக்குப் புடிச்ச பாட்டுங் பாய். அவங்களே வாங்கிக் குடுத்தது. இதையே போடுங்க."

எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். கேசட்டை மெஷினில் தள்ளினேன். பட்டனை அழுத்தினேன்.