முப்பத்தாறு பீஸ் கட்டைகள்

1. கையெழுத்து

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட பேனாவை நான் இன்னும் மூடவில்லை. வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏனுங்க சார், நம்ம கெணத்த எத்தன மணிக்குங்க அளந்தீங்க?"

சத்தியமங்கலத்துக்குக் கீழே, பவானிக் கரையோர ஊர் ஒன்றின் பஞ்சாயத்து ஆபீஸ் அது. கேட்டவர் ஸ்டெல்லா. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஆபரேட்டர். ஆற்றோரக் கிணற்றிலிருந்து தண்ணீர் ஏற்றி, தான் குடியிருக்கும் காலனியின் இரண்டு தெருக்களுக்கும் திறந்துவிடுவது அவர் வேலை.

என் வேலை நிலத்தடி நீர். கோயமுத்தூரில் ஆபீஸ். ஆற்றோரத்தில் கிராவல் தோண்டும் ஒருவர் குழியை இன்னும் ஆழமாக்க அனுமதி கேட்டிருந்தார். அதனால் சுற்றுக் கிணறுகளுக்குப் பாதிப்பு உண்டா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு தோட்டத்துக் கிணறுகளையும் பஞ்சாயத்துக் கிணற்றையும் அளந்தேன். குழிக்குப் பக்கத்தில் இருந்ததும் தூரத்தில் இருந்ததும் ஏறக்குறைய ஒரே மட்டம். குழியை நோக்கிச் சரிவே தெரியவில்லை. 'பாதிப்பு இல்லை' என்று எழுதிவிட்டேன்.

"பதினொரு மணி இருக்கும். ஏம்மா?"

"அந்நேரம் த்ரீ பேஸ் கரண்ட் வந்திருக்குமேங்க. அத்தன தோட்டத்து மோட்டாரும் ஓடுமுங்க. எல்லாக் கெணறும் எறங்கித்தான கெடக்கும்? அதுல மோட்டார் இழுத்தது எவ்வளவு, குழி இழுத்தது எவ்வளவுன்னு எப்பிடிங்க பிரிச்சீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. பிரிக்கவே இல்லை. அளக்கும் கிணற்றின் மோட்டாரை மட்டும் அணைக்கச் சொல்லி, பத்து நிமிடம் நின்று, டேப்பை இறக்கியிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ஓடிய சத்தம் காதில் விழத்தான் செய்தது, மண்டையில் ஏறவில்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸ் என்று வேறு மார்தட்டிக்கொண்டிருந்த ஆள் நான்!

"குழி ஆழமானதுல இருந்து தொட்டி ரொம்பறதில்லீங்க. ஒரு தெருவுக்கு இன்னிக்கு, இன்னொரு தெருவுக்கு நாளைக்குன்னு உட்டுட்டு இருக்கறனுங்க. நீங்க ஒண்ணுமில்லீன்னு எழுதிப்போட்டீங்கன்னா இன்னுந் தோண்டுவாங்க. அப்பறம் குடிக்கறதுக்கு நாங்க எங்கீங்க போறது?"

ரிப்போர்ட்டை எடுத்துப் பைக்குள் வைத்தேன். கூச்சமாக இருந்தது. அந்த அம்மா குரலை உயர்த்தாமல் கேட்டதுதான் இன்னும் கூச்சம்.

2. ஆட்டோ

சரியாக அளக்க ஒரே வழிதான். பன்னிரண்டு தோட்டத்து மோட்டார்களும் பஞ்சாயத்து மோட்டாரும் ஒரு பகல் முழுக்க நிற்க வேண்டும், குழியில் ஊறும் தண்ணீரை இறைத்துக் கொட்டும் டீசல் இன்ஜின் பம்ப் மட்டும் எப்போதும்போல ஓட வேண்டும். மறுநாள் விடிந்ததும், கரண்ட் வருமுன் அளக்க வேண்டும்.

சொல்வது சுலபம். எல்லாத் தோட்டத்திலும் ஸ்டார்ட்டரில் ஆட்டோ மாட்டியிருந்தார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். ஆள் மறந்தாலும் அது மறக்காது. தவிர, தண்ணீர் பாய்ச்சுகிற பகலை விட்டுக்கொடுக்க எந்த விவசாயி சம்மதிப்பார்?

"அத நாம் பாத்துக்கறனுங்க" என்றார் ஸ்டெல்லா.

அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்தத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். இப்போது அதே வாசல்களில் போய், மோட்டாரை நிறுத்துங்கள் என்று கேட்க வேண்டும். நானும் கூடப் போனேன். முதல் வீடு சென்னியப்பன் என்ற வாழைக்காரருடையது.

"வாழ தார் தள்ளற நேரமுங்க சார். ஒரு நா தண்ணி இல்லீன்னா வாடிப்போகுமுங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பதில் ஸ்டெல்லாவிடமிருந்து வந்தது. "உங்களுக்கு ஒரே ஒரு நாளுங்கய்யா. எங்களுக்கு ஒருநா உட்டு ஒருநா. நாளைக்கு எங்க தெருக் கொழாயும் தொறக்கலீங்க. ஆளுக்கு நாலு கொடம் புடிச்சு வெச்சுக்கச் சொல்லிப்போட்டு வந்திருக்கறனுங்க. குழி இழுக்குதுன்னா அடுத்தது உங்க கெணறுதானுங்க?"

சென்னியப்பன் எழுந்தார். "செரி, வா அம்மணி. ஆனா அந்த ஆட்டோவ எப்பிடி அமத்தறதுன்னு எனக்குத் தெரியாது. மாட்டுனவன் மாட்டிப்போட்டுப் போயிட்டான்."

"பீஸ் கட்டைய உருவிப்போடலாமுங்க. மூணையும் உருவோணுங்க. ஒண்ண மட்டும் உருவுனா மோட்டார் காயில் கருகிப்போயிரும்."

மெயினை இறக்கிவிட்டு மூன்று பீஸ் கட்டைகளையும் உருவினார். பிளாஸ்திரி ஒட்டி 'சென்னியப்பன்' என்று எழுதினார். வயர் கூடையில் போட்டுக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு நடந்தார். இரண்டு பேர் முடியாது என்றார்கள். சென்னியப்பனே போய் அவர்களைச் சத்தம் போட்டுவிட்டு வந்தார். பொழுது சாய்வதற்குள் கூடையில் முப்பத்தாறு கட்டைகள் சேர்ந்துவிட்டன. நான் எத்தனையோ கலெக்டர் கடிதங்களோடு ஊர்களுக்குப் போயிருக்கிறேன். ஒரு விவசாயியும் என் கையில் ஒரு பீஸ் கட்டையைக் கொடுத்ததில்லை.

'பாதிப்பு இல்லை' என்று எழுதியதையும் மறுபடி அளக்கப்போவதையும் குழி முதலாளிக்குப் போனில் சொன்னேன். "அளங்க சார், நமக்கென்னங்க பயம்?" என்றார். அவரும் மறைத்து எதையும் செய்யவில்லை, பம்ப் வழக்கம்போல ஓடியது.

3. அளவு

ஒரு பகலும் இரண்டு ராத்திரியும் மோட்டார்கள் சும்மா கிடந்தன. மறுநாள் வெளிச்சம் வந்ததும் அளந்தோம். ஸ்டெல்லா டேப்பைப் பிடித்தார், நான் எழுதினேன். தூரத்துக் கிணறுகளில் தண்ணீர் நன்றாக ஏறியிருந்தது. குழிக்குப் பக்கத்தில் இருந்த நான்கு மட்டும் அப்படியே கிடந்தன. பஞ்சாயத்துக் கிணறு அந்த நான்கில் ஒன்று. வரைபடத்தில் கோடு போட்டால், சரிவு நேராகக் குழிக்குப் போனது.

முதலாளி கொதித்துவிட்டார். "போன வாரம் இல்லீன்னீங்க, இந்த வாரம் இருக்குதுங்கறீங்க. எதைங்க நம்பறது?"

"போன வாரம் எழுதுனது என் தப்புங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிடவில்லை. பழைய ரிப்போர்ட்டைக் கிழித்தேன். புதியதில், அளவெடுத்தவர்கள் என்ற இடத்தில் ஸ்டெல்லா பெயரை முதலில் போட்டு, என் பெயரைக் கீழே போட்டேன். நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாது, குழியிலிருந்து தண்ணீர் இறைக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். டேப்பை இறக்குமுன் அந்தக் கிணற்றில் தினமும் தண்ணீர் எடுப்பவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். நான் பேசாமல் விட்டதால் இரண்டு தெருக்களின் குடிதண்ணீரையே கெடுக்கப் பார்த்தேன்.

சில மாதம் கழித்து ஒரு காலை ஸ்டெல்லா போன் செய்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"சார், கரண்ட் வர்றதுக்கு முன்னாடி அளந்தனுங்க. நாலடி ஏறியிருக்குதுங்க. இன்னிக்கு ரெண்டு தெருவுக்கும் சேத்தி உட்டுட்டனுங்க."

நான் பேனாவைத் தேடி எடுத்து, தேதி போட்டு அந்த நாலடியைக் குறித்தேன்.

"ஏனுங்க சார், பேச்சையே காணோம்? எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்மா" என்றேன்.