யாரும் கடக்காத பச்சை விளக்கு

எங்கள் தோட்டத்து ஆட்கள் ரோட்டுக் கலர் லைட்டுக்குப் பயந்து, கொட்டகலை பஜாருக்குச் சுற்றுப்பாதையில் போய்வந்த காலம் ஒன்று உண்டு. இப்போது சொன்னால் சிரிப்பார்கள். அப்போது சிரித்தவர்கள் இரண்டொரு இளவட்டங்கள்தான். அவர்களும் பொழுது சாய்ந்தால் வாயை மூடிக்கொண்டு சுற்றுப்பாதையைப் பிடித்தார்கள்.

நாங்கள் குடியிருந்த லயங்கள் மேட்டில் இருந்தன. கீழே மெயின் ரோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா வேலை செய்த தேயிலை பெக்டரி, அதற்கும் கீழே மயானம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அடிபடுகிறார்கள் என்று ஊரே கத்திக் கூப்பாடு போட்ட பிறகு, ஆட்கள் கடக்க ஒரு மஞ்சள் கடவையும் கலர் லைட்டும் வந்து சேர்ந்தன. கம்பத்தில் உள்ள பொத்தானை அமத்தினால் கொஞ்ச நேரத்தில் வண்டிகள் நிற்கும். நடக்கிற பச்சை மனிதன் எரிவான். கூடவே டிக் டிக் என்று சத்தம் வரும். டீச்சர் எங்களை வரிசையாகக் கூட்டி வந்து கடக்கப் பழக்கினார். மற்றப் பாடங்களில் நான் எப்படியோ, இதில் நான்தான் கெட்டிக்காரி.

அடுத்த மழைக்காலத்தில் அம்மா இறந்துபோனாள். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவளைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

மயானத்துக்குப் போகும் வழியில், ரோட்டோரத்தில் பெட்டியை இறக்கி, தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பித் தூக்குவது எங்கள் ஆட்களின் வழக்கம். அப்படித் திருப்பினால் இறந்தவருக்கு வீட்டுக்கு வரும் வழி மறந்துவிடும். பெண்கள் நாங்கள் அதுவரைதான் போகலாம். அன்றைக்குப் பெட்டி ரோட்டை நெருங்கும்போதே யாரோ ஒரு புண்ணியவான் முன்னால் ஓடிப் பொத்தானை அமத்திவிட்டான். பச்சை உடனே எரிந்தது. "விடாதீங்க, போங்க போங்க" என்று ஆளாளுக்குக் கத்த, தூக்கியவர்கள் அம்மாவோடு ஓட்டமாய் ஓடினார்கள். அம்மா அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது விளக்கு மாறிவிட்டது. தப்பு மேளம் அடிப்பவர்கள் இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். நடுவில் வேன்களும் பஸ்களும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. அந்த அமளியில் பெட்டியைத் திருப்ப எல்லோரும் மறந்தே போனார்கள்.

அது நினைவுக்கு வந்தது, விளக்கு தானாக எரியத் தொடங்கிய பிறகுதான்.

மாலையில் மூடுபனி ஏறும் நேரம் கீழேயிருந்து டிக் டிக் கேட்கும். எட்டிப் பார்த்தால் பனிக்குள் பச்சை மங்கலாகத் தெரியும். வண்டிகள் வெளிச்சத்தோடு நின்றிருக்கும். யாரும் கடக்க மாட்டார்கள். சத்தம் நிற்கும், வண்டிகள் போகும். சற்றுக் கழித்து மறுபடியும் டிக் டிக். லயத்தில் பேச்சு அடங்கிவிடும். அடுப்பில் வைத்ததைக்கூட யாரும் கிண்ட மாட்டார்கள்.

பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, எங்கள் கதவில் வேப்பிலை செருகினாள். என் நெற்றி நிறையத் திருநீறு பூசினாள்.

"வெளிய எட்டிப் பாக்காத புள்ள."

"அம்மாதானே அத்தை?"

"அம்மாவா இருந்தாலும் செத்தவங்க செத்தவங்கதான்."

எனக்குப் பயமாக இருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது. அம்மா வழியை மறக்கவில்லை, ரோட்டை மட்டும்தான் தாண்ட முடியவில்லை. அப்பா பெக்டரியிலிருந்து இருட்டிய பிறகுதான் நனைந்துகொண்டு வருவார். "அந்தப் பக்கமா வராதீங்க அண்ணே" என்று அத்தை தினமும் கெஞ்சுவாள். அப்பா ஈரச் சட்டையைக் கழற்றிக் கொடியில் போடுவார்.

வெள்ளிக்கிழமை கழிப்புச் சடங்கு செய்வதாகப் பூசாரி சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பதிலாக ஒரு வாழைத்தண்டைச் சுமந்துபோய், ரோட்டோரத்தில் இறக்கித் திருப்புவார்களாம். அதன்பின் விளக்கு தானாக எரியாதாம். அப்படியானால் அம்மா இனி வரவே முடியாது.

அதனால் வியாழக்கிழமை சத்தம் கேட்டதுமே, அம்மாவின் ரப்பர் செருப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். அவளை வெறுங்காலோடுதான் கொண்டுபோனார்கள். கல்லும் சேறுமாகக் கிடக்கிற ஏற்றத்தை எப்படி ஏறுவாள்?

ரோட்டருகே போனபோது பச்சை எரிந்துகொண்டிருந்தது. எதிர்ப்பக்கக் கம்பத்தடியில் ஓர் உருவம். தலையிலிருந்து பொலித்தீன் போர்த்தியிருந்தது. மழையில் கொழுந்து பறிக்கும்போது அம்மா அப்படித்தான் போர்த்தியிருப்பாள்.

செருப்பைத் தூக்கிக் காட்டி, "அம்மா, வா!" என்று கத்தினேன்.

அது அசையவில்லை. சத்தம் நின்றது. சிவப்பு விழுந்தது. வளைவில் ஒரு லொரி இரைந்துகொண்டு இறங்கியது. அப்போதுதான் அது நகர்ந்தது. ஒரு கால் ரோட்டுக்கு இறங்கியது, பிறகு மற்றக் காலும். பச்சைக்கு வராமல் சிவப்புக்கு வருகிறதே, இது அம்மா இல்லையோ என்று அப்போதுதான் முதன்முதலாகப் பயந்தேன். அதற்குள் அது தடுமாறிப் பின்வாங்கி, கம்பத்தைக் கட்டிக்கொண்டு பொத்தானைப் படபடவென்று அமத்தியது. லொரி எங்கள் நடுவே காற்றடித்துக்கொண்டு போயிற்று.

மறுபடி பச்சை எரிந்தது. பயத்திலும் எனக்குப் பாடம் மறக்கவில்லை. வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம் பார்த்துவிட்டுக் கடந்தேன். பொலித்தீனுக்குள் இருந்தது அப்பா.

"நீ எதுக்கு வந்த?" என்றார்.

"அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போக. அம்மா எங்கப்பா?"

"அம்மா வரல. நாந்தான் அமத்துனேன்."

"தெனமுமா?"

தலையாட்டினார்.

"அப்ப ஏன் தாண்டாம நிக்கிறீங்க?"

என் கையில் இருந்த செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "பச்சைக்கு வீட்டுப் பக்கம் காலு வர மாட்டேங்குது. லொரி நின்னாப் போதும்னுதான் அமத்துறேன். அது வர்றப்போ காலு தன்னால முன்னுக்குப் போகுது புள்ள."

எனக்கு அப்பா மேல் இரக்கமாகிவிட்டது. பாவம், இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சிவப்புக்கு நிற்க வேண்டும், பச்சைக்குத்தான் கால் முன்னுக்குப் போகவேண்டும் என்று டீச்சர் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா "சரி" என்றார். அவர் கையைப் பிடித்து நான்தான் ரோட்டைக் கடத்தி வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

அத்தை ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "அம்மா இல்ல அத்தை, அப்பாதான். அவருக்கு ரோடு கடக்கத் தெரியல. லொரி வந்தா காலு தன்னால முன்னுக்குப் போகுதாம்" என்றேன். அத்தையின் கை மாவிலேயே நின்றுவிட்டது. பிறகு எழுந்து வாசலுக்கு ஓடினாள். "இந்தப் புள்ளய நெனச்சுப் பாத்தீங்களா அண்ணே?" என்று அவர் தோளில் அடித்து அடித்து அழுதாள். மாவு அவர் சட்டையெல்லாம் ஒட்டியது. கலர் லைட்டில் தப்புவிட்டதற்கு இப்படியும் ஏசுவார்களா என்று எனக்கு அத்தை மேல் கோபம் வந்தது.

வெள்ளிக்கிழமை கழிப்பு நடக்கவில்லை. வேண்டாமென்று அத்தையே பூசாரியிடம் சொல்லிவிட்டாள். ஏனென்று யாருக்கும் சொல்லவில்லை. அதனால் ஆட்கள் இன்னும் கொஞ்ச நாள் சுற்றுப்பாதையில்தான் போனார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே, பெக்டரி விடும் நேரத்துக்கு அத்தை என்னைக் கீழே அனுப்பினாள். "அப்பா கைய விட்றாத. வீடு வர்ற வரைக்கும் விட்றாத" என்று ஒவ்வொரு நாளும் சொல்லி அனுப்பினாள். எங்கள் அப்பாவுக்கு ரோடு கடக்கத் தெரியாது, நான்தான் கூட்டி வருகிறேன் என்று வகுப்பில் பெருமையடித்தேன். பிள்ளைகள் சிரித்ததை அப்பாவிடம் சொன்னபோது அவரும் சிரித்தார். அந்த நேரத்தில் ஒரு லொரி வந்தது. அவர் என் கையை இறுக்கிய இறுக்கில் விரலெல்லாம் வலித்தது. இவ்வளவு பெரிய மனிதர் போயும் போயும் ஒரு லொரிக்கு இப்படிப் பயப்படுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.