திரைக்கு அந்தப் பக்கம் விழுந்த ஊசிகள்

மூன்று தெரு தள்ளிக் குண்டூசி விழுந்தாலும் என் காதுக்குத் தப்பாது. இதைச் சொல்லிச் சொல்லியே என் பிள்ளைகளிடமிருந்து பாதி உண்மையைக் கறந்திருக்கிறேன். மூன்று தெரு என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு துணித்திரை தள்ளி விழுந்தால் நிச்சயம் கேட்கும். அப்படிக் கேட்டதை வைத்துத்தான் என் மூத்த மருமகளைப் பற்றி எழுதுகிறேன்.

மூத்தவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டீயரிங் பிடித்திருப்பவர் பதறினால், இவள் வலது காலால் அதை மிதிப்பாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கல்யாணமான கையோடு வந்த பெண், லாரியைக் கண்டாலே கண்ணை மூடிக்கொள்ளும் பல் டாக்டர் என்று எத்தனையோ பேர் அந்த ஒரு காலை நம்பி ரோட்டுக்கு வந்திருக்கிறார்கள். 'பிரேக்கக்கா' என்பது அவர்கள் வைத்த பெயர். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கால் சும்மா இராது. டிவியில் யாராவது ரோட்டைக் கடந்தால்கூடத் தரையை மிதிக்கும். எங்கள் வீட்டு சோபாவுக்கு முன்னால் தரை குழிந்துபோனது இவளால்தான். நம்பாவிட்டால் போங்கள்.

இளையவள் என் சின்ன மகனின் மனைவி. தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் பழுதானால் போன் செய்து திட்டுகிறார்களே, அவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. குரல் தேன், உடம்பு பாதரசம். உட்கார்ந்தால் நாற்காலி சுற்றும். பேனாவைக் கையில் எடுத்தால் டிக் டிக் என்று அதன் உயிரை வாங்குவாள்.

இரண்டு பேருக்கும் குழந்தை இல்லை. ஒரே ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். மருந்தும் ஸ்கேனுமாக அலைந்து, மூத்தவளுக்கு ஒருமுறை லேபில் உண்டாக்கிய கருவை வயிற்றில் வைத்தார்கள். அது நிற்கவில்லை. அன்றோடு அவள் தூக்கமும் போய்விட்டது. கொஞ்சம் தூக்கம் வர, மனசு இளக, அக்குபங்சர் செய்துகொள்ளலாமா என்று ஆஸ்பத்திரி டாக்டரிடமே கேட்டாள். "இங்கே நடக்கிற வைத்தியத்தை விடாமல், கூடவே செய்துகொள்ளுங்கள்" என்று அவர் தலையாட்டினார். வீட்டில் இதைச் சொன்னதும், "நானும் வரேன்கா" என்று இளையவளும் காரில் ஏறிக்கொண்டாள். கூடவே வினையும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மூத்தவளுக்கு இருந்தது ஒரே ஒரு பயம். பாத்திரம் கழுவும்போது என்னிடம் வாய்விட்டே சொன்னாள்.

"எனக்கு ஆகலைன்னாக்கூடத் தாங்கிக்குவேன் அத்தை. எனக்கு முன்னாடி அவளுக்கு ஆயிட்டா தாங்க மாட்டேன். இத்தனை வருஷமா வரிசையில நிக்கிறவ நான். ஒரு ஹாரன்கூட அடிக்காம என்னை ஓவர்டேக் பண்ணிட்டுப் போவாளா?"

"பிள்ளையை என்ன டிக்கெட் கவுன்டர்லயா குடுக்கறாங்க, வரிசை பாக்க?"

"மூணு பெத்தவங்க நீங்க பேசுவீங்க" என்று கரண்டியை டங்கென்று போட்டாள்.

அக்குபங்சர் செய்யும் ஊசிக்காரம்மாவின் அறை, மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில். சுவரோரம் ஒரு கட்டில், ஜன்னலோரம் ஒரு கட்டில், நடுவில் நீலத் திரை. கதவுக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதுதான் என் சிம்மாசனம். ஊசிக்காரம்மா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார்: "பிள்ளை குடுக்கறது என் வேலை இல்லம்மா. அதுக்கு ஆஸ்பத்திரி சொல்றதைக் கேளுங்க. இங்க படுத்து எழுந்தா உடம்பு கொஞ்சம் இளகும், மனசு அடங்கும். அதுக்கு மேல என்னை நம்பாதீங்க."

மூத்தவள் தலையை ஆட்டினாள். நம்பியது என்னவோ ஊசியைத்தான்.

தலைமுடி கனம்தான் அந்த ஊசி. சின்னக் குழாயில் வைத்து ஒரு தட்டு தட்டினால் இறங்கிவிடும். குத்தியபின் அசையக்கூடாது. கண்ணை ஒரு துணியால் மூடிவிடுவார். கடைசியில் ஊசியைக் கழற்றி எவர்சில்வர் கிண்ணத்தில் போடுவார். டிங். கையும் காலும் கண்ணும் கட்டுண்டு கிடப்பவளுக்குக் காது மட்டும்தானே மிச்சம்? அந்தக் காதால் அவள் பக்கத்துக் கிண்ணத்தை எண்ண ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் நிதானமாகச் சில டிங். அந்தப் பக்கம் ஆலங்கட்டி மழை.

திரும்பும் வழியில் இளையவளை அவள் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்ட மறுநிமிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"கேட்டீங்களா? அவளுக்கு எத்தனை, எனக்கு எத்தனை? அவளுக்கு ஜன்னல் கட்டில். வயித்துக்கு மேல சூடு குடுக்கற விளக்கு. என்கிட்ட 'எப்படி இருக்கீங்க', அவகிட்ட 'எப்படிம்மா இருக்கே'. எல்லாம் அந்தக் குரல் பண்ற வேலை. கொஞ்சிப் பேசிக் கூட ரெண்டு ஊசி வாங்கிடறா."

"ஊசி குத்தறதுக்கா ஒருத்தி கொஞ்சுவா?"

"நீங்க அவ பக்கம்."

அடுத்த முறை ஊசிக்காரம்மாவையே மடக்கினாள். "எனக்கு மட்டும் ஏன் குறைச்சல்?"

"பக்கத்துக் கட்டில் கதையை நான் உங்ககிட்ட பேச மாட்டேன். உங்களுக்குக் குறைஞ்சது ஏன்னு கேட்டீங்கன்னா, உங்க வலது காலைக் கேளுங்க."

இது நக்கல் என்று எடுத்துக்கொண்டு, மூத்தவள் அன்று முழுவதும் கற்றுக்கொள்ள வந்தவர்களை எல்லாம் வறுத்தெடுத்தாள். பல் டாக்டர் அழுதே விட்டாராம்.

பிறகு இருவருக்குமே கரு வைக்கும் நேரம் வந்தது. மூத்தவளுக்கு உடம்பு ஒத்துழைக்காததால் தள்ளிப்போட்டார்கள். இளையவளுக்கு வைத்தார்கள். டெஸ்ட் முடிவு வந்ததை யாரும் சொல்லவில்லை. ஒரு மாலை இளையவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நாற்காலி சுற்றவில்லை. பேனா மேஜையில் அனாதையாகக் கிடந்தது.

"என்னடி, பொம்மை மாதிரி உக்காந்திருக்கே?" என்றாள் மூத்தவள்.

"அக்கா... நின்னிருக்காம்" என்று சொல்லிவிட்டு இளையவள் அழுதாள்.

"சந்தோஷம்" என்றாள் மூத்தவள். சமையலறைக்குள் போனாள். கழுவி அடுக்கியிருந்த தட்டை எல்லாம் எடுத்துப் போட்டு மறுபடி கழுவினாள். அன்று எங்கள் வீட்டுத் தட்டுகளின் பூவேலைப்பாடு தண்ணீரோடு போய்விட்டது.

அடுத்த முறை ஊசிக்குக் கிளம்பும்போது இளையவளும் செருப்பை மாட்டினாள். மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். மாடியில் வழக்கம்போல் திரையை இழுத்தார்கள். நான் பெஞ்சில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

"உனக்குத்தான் ஆயிடுச்சே. இங்க என்ன வேலை? எனக்குக் காட்டவா?"

"டாக்டர்கிட்ட கேட்டு ஊசியை நிறுத்தியாச்சு. சும்மா படுத்துக்கறேன்கா."

"வீட்ல கட்டில் இல்ல?"

"இருக்கு. அங்க உன் குறட்டை இல்ல."

"என் என்னது?"

"குறட்டை. ஊசி இறங்கின கொஞ்ச நேரத்துல கொர்ருன்னு இழுப்ப. எனக்கு அப்படியே வயிறு எரியும். இவளுக்குத்தான் ஊசி பிடிக்குது, இவளுக்குத்தான் முதல்ல ஆகப்போகுது, நமக்கு இல்லைன்னு படுத்துக்கிட்டே அழுவேன். நான் ஒரு நாளாவது கண் அசந்தேனா? ஆடி ஆடி ஊசி கழண்டு விழும். அதைக் கிண்ணத்துல போட்டுட்டுப் புதுசா எடுத்துக் குத்துவாங்க, அதுவும் விழும். கிண்ணம் டிங் டிங்னு என் மானத்தை வாங்கும். அந்தச் சத்தத்துலதான் நீயே முழிப்ப."

திரைக்கு இந்தப் பக்கமிருந்து மெதுவாக மூத்தவளின் குரல். "அப்ப அத்தனையும் கழண்டு விழுந்ததா?"

"பின்ன? எனக்கென்ன ஸ்பெஷலாவா குத்தினாங்க?"

"அப்ப எனக்குக் குறைச்சது..."

கேள்வி முடியவில்லை. கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அலறியது. மூத்தவளின் வலது கால் கட்டில் சட்டத்தை ஓங்கி மிதித்தது. கட்டில் கிறீச்சென்று ஒரு முழம் நகர்ந்தது.

"இதுக்குத்தாம்மா" என்றார் ஊசிக்காரம்மா. "முதல் நாள் அந்தக் கால்ல போட்டேன். கீழ ஹாரன் அடிச்சான், நீங்க பிரேக் அடிச்சீங்க, ஊசி வளைஞ்சு போச்சு. அன்னியோட அந்தக் காலுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டேன்."

இளையவள்தான் முதலில் சிரித்தாள்.

"சிரிக்காதேடி, வயித்துக்கு ஆகாது" என்று அதட்டினாள் மூத்தவள். கொஞ்சம் பொறுத்து, "எனக்கு இன்னும் எரியுதுடி" என்றாள்.

"எரியட்டும். எனக்கும்தான் எரிஞ்சுது. திரையைத் திறக்கவா?"

"ஊசி இருக்கு. அசையாம படு."

பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் கீழே கடையில் இருந்த மூக்குக்கண்ணாடிகள் எல்லாம் வரிசையாக விரிசல் விட்டன. மூத்தவளின் பொறாமை அன்றே மாடிப்படி இறங்கிப் போய்விட்டது.

சில மாதம் கழித்து இவ்வளவும் எழுதி, நாளை ஆஸ்பத்திரிக்குப் போகப் பை அடுக்கிக்கொண்டிருந்த மூத்தவளிடமே படித்துக் காட்டினேன். இந்த முறை அவளுக்குக் கரு வைக்கிறார்கள். அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"கடைசி வரியை அடிங்க அத்தை. கண்ணாடி உடைஞ்சா உடைஞ்சுட்டுப் போகட்டும், அது உங்க இஷ்டம். பொறாமை எங்க போச்சு? இன்னிக்குக் காலையில பிள்ளை உதைக்குதுன்னு என் கையைப் பிடிச்சு அவ வயித்து மேல வெச்சுக்கிட்டா. வெச்சிருக்கவும் முடியலை, எடுக்கவும் மனசு வரலை. அதை எழுதுங்க."