முந்நூற்று நாற்பது டாலருக்கு ஒரு பிஸ்டல்

ஐவா ஸ்டாம்பருக்கு ஐம்பத்தேழு வயது. கென்டக்கி மலையில் லாரல் ஓடைக்கு மேலே கடைசி வீடு அவளுடையது. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடச் சமையல்கட்டில் வேலை. விரல் முட்டி ஒவ்வொன்றும் இஞ்சித் துண்டு மாதிரி வீங்கியிருக்கும். புருஷன் கர்ட்டிஸ் மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தான். அவள் அழுதாள், துவைத்தாள், அவன் சட்டைகளைச் சர்ச்சுக்குக் கொடுத்தாள், திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டாள்.

செப்டம்பரில்தான் தொல்லை ஆரம்பித்தது. மூன்றரைக்கு வேலை முடிந்து வந்தால், கர்ட்டிஸின் ஆடும் நாற்காலியில் மெத்தை சூடாக இருக்கும். காபிப் பாத்திரமும் சூடாக இருக்கும். பூட்டு உடையவில்லை. ஒரு ஸ்பூன்கூடத் திருட்டுப் போகவில்லை. ஒருநாள் அவள் உள்ளே நுழைந்தபோது நாற்காலி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பையைக்கூடக் கீழே வைக்காமல், அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ஷெரீப்ட்ட சொன்னியாடி?" என்று கேட்டாள் லொரீன். அதே சமையல்கட்டில் உருளைக்கிழங்கு உரிப்பவள்.

"சொன்னேன். நாற்காலி சூடா இருக்குன்னா அதை என்ன கேஸ்ல எழுதறதுன்னு கேக்கறான்."

"ஒருவேளை கர்ட்டிஸா இருக்குமோ?"

"அந்த மனுஷன் உசுரோட இருந்தப்பவே ஒரு காபி போட்டுக் குடுத்ததில்ல. செத்தப்புறம்தான் போடப் போறாராக்கும்."

லொரீன் சிரித்தாள். ஐவா சிரிக்கவில்லை. ஒரு பிஸ்டல் வாங்கலாம் என்று அவள் யோசித்திருந்தாள்; அது உயிருள்ளவனிடம்தான் செல்லும். வருவது உயிருள்ளவன்தான் என்று நம்ப அவளுக்கும் ஏதாவது ஒரு பிடி வேண்டியிருந்தது. இல்லையென்றால் முப்பது வருஷம் இருந்த வீட்டைப் பூட்டிவிட்டு, டவுனில் மகள் வீட்டு சோபாவில் போய்க் கிடக்க வேண்டியதுதான்.

வீட்டில் இருந்த ஒரே ரிவால்வர் கர்ட்டிஸோடு சவப்பெட்டியில் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் ஆம்பளையை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். ஒருவனுக்குத் தூண்டில் சக்கரம், ஒருவனுக்குச் செத்துப்போன நாயின் கழுத்துப்பட்டை. கர்ட்டிஸ் கைக்குக் கீழே ஐவாவே அந்த ரிவால்வரை வைத்தாள். பெட்டியை மூடும்வரை கடைசியாகக் கூட இருந்தவன் அவன் தம்பி ஓடெல்.

அதனால் ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு, கர்ட்டிஸின் படகை விற்ற முந்நூற்று நாற்பது டாலரோடு ஹார்லனின் அடகுக் கடைக்குப் போனாள். ஹார்லன் கர்ட்டிஸோடு படித்தவன்.

"ஐவாக்கா, பொம்பளைங்க எல்லாம் இதத்தான் கேக்கறாங்க," என்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பிஸ்டலை எடுத்தான். குண்டு அடுக்கும் மேகசினைக் கழற்றி, மேல்பக்க ஸ்லைடைப் பின்னால் இழுத்து, காலி என்று காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தான்.

ஐவா ஸ்லைடை இழுத்துப் பார்த்தாள். பாதிகூட வரவில்லை.

"என் முட்டி போயிடும். சின்னதா இருந்தா லேசா இருக்கும்னு நெனச்சேன்."

"சின்னதுலதான் ஸ்பிரிங் மொரடா இருக்கும். கையையும் நல்லா உதைக்கும்."

அடுத்தது நூற்றைம்பதுக்கு ஒன்று இருந்தது. "இது வேணாங்க்கா. நாலு தடவ சுட்டா அஞ்சாவது தடவ மாட்டிக்கும்."

"அப்ப எதுக்குடா கடையில வெச்சிருக்க?"

"வாங்கறதுக்கு ஆள் இருக்கே."

மூன்றாவதாகக் கனமான, பழைய பிஸ்டல் ஒன்றை எடுத்தான். போலீஸ்காரர்கள் புதுசு வாங்கும்போது கழித்துவிட்டது. வெளியே உறையில் உரசி வெளுத்திருந்தது, உள்ளே அதிகம் தேயவில்லை. ஸ்லைடைக் கையால் முழுசாகப் பொத்திப் பிடித்து, மறுகையால் பிஸ்டலை முன்னால் தள்ளச் சொன்னான். வந்துவிட்டது. இருநூற்று எண்பது. மீதியில் இரண்டு பெட்டி குண்டு.

"ரிவால்வர் மாதிரி இல்லக்கா இது. மேகசினச் சொருகிட்டா மட்டும் பத்தாது, ஸ்லைட ஒரு தடவ இழுத்து விட்டாத்தான் குண்டு மேல ஏறும். அதேபோல மேகசினக் கழட்டிட்டா காலின்னும் நெனச்சிராதீங்க. ஒண்ணு உள்ள ஒக்காந்திருக்கும்."

சரி என்று தலையாட்டியவள் கண்ணாடிக்குள் கீழ்த்தட்டைப் பார்த்தாள். அங்கே கர்ட்டிஸின் ரிவால்வர் கிடந்தது.

மரப்பிடியில் அவன் சுட்டுப் பொறித்த இரண்டு எழுத்து. பிடியில் விழுந்துபோன திருகாணிக்குப் பதிலாக அவளே தன் தையல் மிஷினிலிருந்து கழற்றிக் கொடுத்த பித்தளைத் திருகாணி. குளிர்ந்த விரல்களைத் தூக்கி அதற்கடியில் இதை அவள் செருகியது மார்ச் பதினொன்றாம் தேதி.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

"ஓடெல் கொண்டாந்தான், ஆகஸ்ட் கடைசில. அண்ணன் ஞாபகமா வெச்சிருந்தேன், இப்ப வீட்டுல வெச்சிருக்க முடியலன்னான். ஏங்க்கா?"

"எவ்வளவு?"

"முந்நூறு."

கையில் இருந்தது இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும். வருவது திருடன் என்றால் பிஸ்டல். தன் பொருளைத் தேடிக்கொண்டு கர்ட்டிஸ் வருகிறான் என்றால் ரிவால்வர். காய்கறி வாங்குகிற மாதிரி நின்று யோசித்தாள். பிறகு, எடுத்தவன் இருக்கும்போது நான் ஏன் காசு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. பிஸ்டலைக் காட்டினாள். படிவம் எழுதி, அவள் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று ஹார்லன் போனில் விசாரித்து முடிக்க அரைமணி நேரம் ஆனது.

வீட்டுக்குத் திரும்பியபோது மணி ஒன்றரை. பின்பக்கக் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. காருக்குத் திரும்பி மேகசினைச் சொருகினாள். ஸ்லைடை இழுத்து விட்டாள். உள்ளே போனாள்.

நாற்காலியில் ஓடெல் உட்கார்ந்திருந்தான். ஐந்து வாரமாகத் தூங்காதவன் முகம். மடியில் காபிக் கோப்பை, மேஜையில் கர்ட்டிஸின் சாவி. பிஸ்டலைப் பார்த்தும் அவன் எழுந்திருக்கவில்லை.

"சுடறதுன்னா சுட்ருங்க அண்ணி."

"தரை அழுக்காகும். சொல்லு, இங்க என்ன பண்ற?"

"இங்க மட்டும்தான் அவன் வர்றதில்ல."

"யாரு?"

"அண்ணன். வித்துட்டு வந்த அன்னிக்கே ஆரம்பிச்சிருச்சு. மத்தியானம் சாப்பிட ஒக்காந்தா எதிர்ல ஒக்காந்துக்கறான். ஒண்ணும் பேச மாட்டேங்கறான். கைய மட்டும் நீட்டறான்."

ஐவா பிஸ்டலைத் தாழ்த்தினாள். "நான் வெச்சத நீ எதுக்குடா எடுத்த?"

"நல்ல பொருள மண்ணுல போடறாங்களேன்னு..."

"ஹார்லன் கடை ஆறு மணி வரைக்கும் இருக்கும். முந்நூறு டாலர். போய் எடு."

"எடுத்து எங்க அண்ணி குடுக்கறது? மண்ணத் தோண்டச் சொல்றீங்களா?"

"அத அவர்ட்டயே கேளு. சாவிய வெச்சுட்டுப் போ."

ஓடெல் சாவியை விட்டுவிட்டு எழுந்தான். அவள் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, மேலே இருந்த குண்டையும் வெளியே தள்ளினாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அவன் வண்டி ஓடைக்கரை மரத்தடியில் மறைவாக நின்றது. நேராக ஓட்டுகிற பக்கம் போகாமல், முதலில் பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தான். தலையைக் குனிந்து, கதவைப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் ஏறி உட்காருகிற நேரம் நின்றான். சத்தமில்லாமல் சாத்தினான். அப்புறம்தான் சுற்றி வந்து ஏறினான். வண்டி இறக்கத்தில் மறைந்தபோது அந்தப் பக்கச் சக்கரங்கள் கொஞ்சம் தாழ்ந்தே போயின.

ஐவா கதவைத் தாழ் போட்டாள். நாற்காலி மெத்தையைக் கொண்டுபோய்த் துவைக்கப் போட்டாள். மகளுக்குப் போன் பண்ணி, சோபாவைக் காலி பண்ண வேண்டாம், நான் என் வீட்டிலேயே இருக்கிறேன் என்று சொன்னாள்.