ஜாகா இல்லை, ஹெவிவெயிட்

முனியாண்டி அண்ணன் போய்விட்டார். நேற்று காலை, பாக்கார் ஆராங்கில், அக்காள் மகன் வீட்டில். நூறு வயதாக இன்னும் ஆறு மாதம்தான் இருந்தது...

பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் "நம்ம ஸ்கூல் ஜாகா இறந்துட்டாரு" என்று ஒருவர் போட்டிருக்கிறார். கோபித்துக்கொள்ளாதே தம்பி, முப்பது வருடம் சிவப்பு மையில் திருத்திய கை இது. ஜாகாவாகப் பள்ளி கேட்டைக் காத்தது சம்பளத்துக்கு. ஆள் ஹெவிவெயிட். திருத்திப் போடு.

திகாம் பத்து ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பள்ளியில் நான் நான்காம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை நிறுக்க கிளினிக்கிலிருந்து தராசு வரும். கடைசிப் பிள்ளை இறங்கியதும் அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுவார், முள்ளைப் பார்ப்பார். "இன்னும் ஹெவிவெயிட்டுதான் டீச்சர்."

ராத்தல் போய் கிலோ வந்த சமயம் பிள்ளைகள் திணறினார்கள். அண்ணனைக் கூப்பிட்டுக் கரும்பலகைப் பக்கத்தில் நிறுத்தினேன். நூற்று எழுபத்தைந்து ராத்தலுக்கு மேல் இருந்தால்தான் பாக்ஸிங்கில் ஹெவிவெயிட், அது எத்தனை கிலோ? அந்த ஒரு கணக்கை மட்டும் யாரும் தப்பாகப் போட்டதில்லை.

அன்று மத்தியானம் கேட்டேன், அந்த நூற்று எழுபத்தைந்தின் மேல் என்ன அவ்வளவு பிரியம் என்று. வலது காதுப் பக்கம் போய்த்தான் கேட்க வேண்டும். இடது காது கேட்காது. ஏன் கேட்காது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜப்பான்காரன் நம்ம ஊரைப் பிடித்து ஆண்ட காலம். செமிலிங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். யுத்தத்துக்கு முன்னால் அண்ணன் சுங்கை பட்டாணி ஃபன்ஃபேரில் இரண்டு மூன்று முறை ரிங்கில் ஏறியவர். அப்போது நூற்றுத் தொண்ணூறு ராத்தல். மரவள்ளிக்கிழங்கு தின்று தின்று நூற்று அறுபத்தைந்துக்கு வந்துவிட்டார்.

அவருடைய அக்காவுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. கிழங்கு தின்ற உடம்பில் பால் ஊறவில்லை. சோறு வேண்டும். லயத்தில் யார் வீட்டிலும் அரிசி இல்லை.

அந்த நேரத்தில் தோட்டத்து ஜப்பான் துரை ஒரு கொண்டாட்டத்துக்குக் குத்துச்சண்டை வைத்தான். சின்ன எடைக்காரர்களுக்குத் துணி. ஹெவிவெயிட்டுக்கு மட்டும் ஒரு மூட்டை அரிசி. மூன்று ரவுண்டு முடிகிறபோது காலில் நின்றால் போதும், மூட்டை உனக்கு. எதிராளி ராணுவ முகாமின் சமையல்காரன்... நாள் தவறாமல் சோறு தின்ற உடம்பு. யார் நிற்கப்போகிறார்கள் என்ற தைரியம் துரைக்கு.

அண்ணனுக்கு அதற்கு முன்னால் ஒரு சிக்கல். பத்து ராத்தல் குறைகிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், எடை குறைந்தால் என்ன செய்வோம் என்று. ரப்பர் மரத்தில் வடிந்து உறைந்த ஒட்டுப்பாலுக்குள் கல்லை வைத்து நிறுப்போம். அண்ணன் கல்லை விட்டுவிட்டு, காய்ந்த ஒட்டுப்பாலையே பட்டை பட்டையாக இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே கைலியைக் கட்டிக்கொண்டு போய் ஸ்டோர் தராசில் ஏறினார்.

எல்லாம் யோசித்தவர் ஒட்டுப்பாலின் நாற்றத்தை யோசிக்கவில்லை. பிறந்ததிலிருந்து அதிலேயே கிடந்த மூக்கு.

நிறுத்தவர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. எத்தனையோ முறை அண்ணனின் வாளியில் கல்லைக் கண்டுபிடித்துக் கூலியில் பிடித்தவர். முள்ளைப் பார்த்தார், கைலியைப் பார்த்தார். துரை இரண்டடி தள்ளி நிற்கிறான். குரலை இறக்கி ஒன்றே ஒன்று கேட்டாராம்.

"கல்லு கிடக்கா?"

"இல்லீங்கய்யா. சுத்தமான ஒட்டுப்பாலு."

கிராணி நூற்று எழுபத்தெட்டு என்று எழுதினார்.

அவிழ்த்துப் போட்டுவிட்டு வரலாம் என்றால் விடவில்லை. தராசிலிருந்து நேராக, நான்கு ரப்பர் மரத்தில் கயிறு கட்டிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சமையல்காரன் முதலில் வயிற்றில் குத்தினான். குத்திய கை திரும்பி வந்தது. இன்னொன்று குத்தினான், அதுவும் திரும்பியது. அவனுக்கு விளங்கவில்லை. அப்புறம் முகத்துக்கு மாறினான். இரண்டாவது ரவுண்டில் இடது காது போனது. மூன்றாவது முடிகிறபோது அண்ணன் நின்றுகொண்டிருந்தார்.

மூட்டையை எடுக்குமுன் துரைக்கு இடுப்பு வளைத்துக் குனிய வேண்டும். அந்தக் காலத்தில் குனியாவிட்டால் அறைதான். ஒட்டுப்பால் இடுப்பில் இறுகிக் கிடக்கிறது, வளையவில்லை. ஓர் அறை விழுந்தது. குனியவில்லை. இன்னொன்று. நான்கு அறை வரைக்கும் எண்ணினாராம். கடைசியில் துரைக்கே கை வலித்திருக்க வேண்டும், எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டிவிட்டான்.

நான் டீச்சர் இல்லையா, ஒரு கேள்வி கேட்காமல் விட முடியுமா? "அப்ப ஒட்டுப்பால் இல்லேன்னா குனிஞ்சிருப்பீங்களா அண்ணே?"

அவர் கேட்டுக்குப் போய்க்கொண்டே சொன்னார். "கட்டுறதுக்கு முன்னாடியே குனியக்கூடாதுன்னுதான் இருந்தேன் டீச்சர். பாலு சும்மா தொணைக்கு."

அப்புறம் ஒருமுறை பெரிய மனிதர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். எல்லாரும் வளைந்து வளைந்து வணக்கம் சொன்னோம், நானும்தான். அண்ணன் கேட்டருகே நிமிர்ந்து நின்று கும்பிட்டார். தலைமையாசிரியர் முறைத்து, குனியச் சொன்னார். காதில் என்ன விழுந்ததோ என்னவோ, அவர் நின்று சொன்னது இடது பக்கம்...

இன்று மத்தியானம் எடுத்தோம். அந்த அக்காள் பிள்ளை கோபாலுக்கு இப்போது எண்பது. பெட்டியின் ஒரு மூலையை அவரே பிடித்தார். பேரப்பிள்ளைகள் தடுத்தார்கள், கனம் தாத்தா, நீங்க விடுங்கலா என்றார்கள்.

"கனமாத்தான் இருப்பாரு. தள்ளு," என்றார்.

வாசல் வரைக்கும் பிடியை விடவில்லை.

போய் வாங்க அண்ணே. அங்கேயும் குனியாதீங்க.