பூஜைவைப்புக்கு வந்த பூனை

எங்கள் அப்பாவுக்குக் கடவுளிடம் இருந்த பயத்தைவிட, கடவுள் காரியங்களுக்கான விதிமுறைகளிடம் இருந்த பயம் அதிகம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் அவருக்கு வத்தல் மிளகாயும் கொத்தமல்லியும் மொத்த வியாபாரம். கீழே கடை, மாடியில் வீடு. எங்கள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் முதலில் தும்முவார்கள், பிறகுதான் நலம் விசாரிப்பார்கள்.

கடையில் எலிக்காக ஒரு பூனை இருந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, யாருக்கும் சொந்தமில்லாத பூனை. அதற்கு எல்லை மாடிப்படியின் கீழ்ப்படி. அதைத் தாண்டினால் அம்மா விளக்குமாற்றை எடுப்பாள். அம்மாவுக்குப் பூனை என்றாலே ஆகாது. ரோமம் சோற்றில் விழும், பாலில் வாய் வைக்கும் என்று அதன் குற்றப்பட்டியலை மூச்சு விடாமல் சொல்வாள். எனக்கோ அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கதை படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் நவராத்திரிக்கு அத்தை வந்திருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை, திருநெல்வேலிப் பக்கம் கட்டிக்கொடுத்தவள். ஒரு பெட்டியும், வண்ண நூல்கள் நிறைந்த ஒரு பிஸ்கட் டின்னும் அவளுடன் வந்தன. நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து துணியில் பூ வேலை செய்துகொண்டிருப்பாள். எம்பிராய்டரி வளையத்துக்குள் அவள் ஊசி ஏறி இறங்கும்போது ஒரு மயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தோகை விரிக்கும். நான் பக்கத்தில் படுத்துப் புத்தகம் படிப்பேன். இருவரும் பேசிக்கொள்ளவே மாட்டோம், ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அத்தை முன்பைவிடக் குண்டாகியிருந்தாள். ஊர்ச் சாப்பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

திருவனந்தபுரத்தில் சரஸ்வதி பூஜை ஒரு நாளில் முடிவதில்லை. அஷ்டமி மாலை புத்தகங்களைப் பூஜைக்கு வைத்துவிட்டால், விஜயதசமி காலை எடுக்கும்வரை ஓர் எழுத்துப் படிக்கக் கூடாது, எழுதவும் கூடாது. தொழில் சாமான்களும் அப்படித்தான். பூஜைவைப்பு என்பார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது வரம், எனக்குத் தண்டனை. வாசகசாலையிலிருந்து எடுத்து வந்த கதைப்புத்தகத்தில், தோணி ஏறிய பையன் ஒருவன் புயலில் சிக்கி நடுக்கடலில் தத்தளித்துக்கொண்டிருந்தான். சரியாக அந்த இடத்தில் அப்பா புத்தகத்தைக் கேட்டுக் கை நீட்டினார்.

"அப்பா, அவன் முங்கிருவாம்ப்பா!"

"தசமி வரைக்கும் நீந்துவான். கொண்டா மக்ளே."

பட்டு விரித்த பலகையில் என் புத்தகங்கள், கடைத் தராசு, அம்மாவின் கத்தரிக்கோல், அத்தையின் வளையமும் நூல் டின்னும் எல்லாம் ஏறின. விளக்கேற்றிக் கும்பிட்டோம். கோயிலுக்குப் போகும் வழியில் கடைப் பலகைகளைப் படித்துவிடக் கூடாதே என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். எழுத்துத் தெரிந்தபிறகு கண்ணில் பட்டதைப் படிக்காமல் இருக்க என்ன வழி என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பூஜை அறைக் கதவைத் திறந்த அப்பா போட்ட சத்தத்தில் வீடே கூடிவிட்டது. ஜன்னல் கம்பிக்குள் எப்படியோ நுழைந்து வந்திருந்த கடைப் பூனை, புத்தகங்களின் மேல் ஒய்யாரமாகப் படுத்திருந்தது. வயிற்றோடு ஒட்டி மூன்று குட்டிகள். கடலில் கிடந்த பையனின் மேல்தான் பிரசவம் நடந்திருந்தது.

அப்பா கைகளைப் பிசைந்தார். பூனையை எடுக்க வேண்டுமென்றால் புத்தகங்களைத் தொட வேண்டும். தசமிக்கு முன் புத்தகங்களைத் தொடுவது எப்படி? இதில் தீட்டு உண்டா இல்லையா? கோயில் போற்றிக்குப் போன் போட்டார். பூஜை செய்கிறவரை நாங்கள் போற்றி என்போம். மலையாளம் கலந்த அவர் பேச்சில் பூனை, பூச்சை. அவர் சிரித்த சிரிப்பு அப்பாவின் காதையும் தாண்டி எங்களுக்குக் கேட்டது.

"பூச்சைக்கு எந்து தீட்டு? பூஜை எடுக்காம ஒண்ணையும் அசைக்காண்டாம். அது அங்ஙனே கெடக்கட்டே!"

விதி பேசிவிட்டது. அப்பா பணிந்தார். ஆனால் தீர்ப்பையும் சொல்லிவிட்டார்: "நாளைக்குப் பூஜை எடுத்த உடனே சாக்குல போட்டு மார்க்கெட்டுல கொண்டு விட்டுருவேன்." அம்மாவைப் பார்த்தேன். அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அன்று முழுவதும் படிக்க முடியாத நானும் தைக்க முடியாத அத்தையும் பூஜை அறை வாசலில் உட்கார்ந்து குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தையின் விரல்கள் சும்மா இருக்கத் தெரியாமல் சேலைத் தலைப்பை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தன. இடையிடையே கீழே கடை போன் அடிக்கும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து பார்த்தாள். தோணிப் பையன் என்ன ஆனானோ என்று நான் புலம்பினேன்.

"படிக்கத்தானே கூடாது, கதை சொல்லலாம்லா?" என்றாள் அத்தை. அவள் கதையில் அந்தப் பையன் விழிஞ்ஞத்தில் கரை ஒதுங்கினான். மீன் விற்கும் ஒரு பெண் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போய் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் போட்டாள். யார், எந்த ஊர் என்று அவள் கேட்கவேயில்லையாம். முதலில் வயிறு நிறையச் சாப்பிடவிட்டாளாம். பிற்பாடு புத்தகத்தில் அந்தக் கதையைப் படித்தேன். அதில் ஒரு கப்பல் வந்து அவனைக் காப்பாற்றியது. அத்தையின் முடிவுதான் எனக்கு இன்றைக்கும் பிடித்திருக்கிறது.

விஜயதசமி காலை அப்பா பூஜை எடுத்தார். தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதினார். பிறகு எழுந்துபோய்ச் சாக்குடன் வந்தார். நான் பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு ஓவென்று அழுதேன். அப்போதுதான் அம்மா, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி உள்ளே வந்தாள்.

"சாக்கக் கீழ போடுங்க. பிள்ளையும் கையுமா இருக்கத எங்க கொண்டுபோய்த் தள்ளப் போறீக? போற எடத்துல நல்லா வச்சுக்கிடுவாங்கன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா? நம்ம வீடுன்னு நம்பி வந்துருக்கு. இங்ஙனயே கெடக்கட்டும்."

நான் அழுகையை நிறுத்திவிட்டேன். சொல்வது அம்மாதானா என்று சந்தேகமாக இருந்தது. அப்பா அம்மாவைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற அத்தையைப் பார்த்தார்.

"திருநெல்வேலில கேட்டா என்ன சொல்லதுக்கு?" என்றார், குரல் இறங்கி.

"நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் பூனை இருந்தால் திருநெல்வேலிக்காரர்களுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. அத்தை அப்படியே வாசலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பூனையின் மேல் இவ்வளவு பிரியமா என்று ஆச்சரியமாக இருந்தது. அம்மா அவள் கையைப் பிடித்து அரிசித் தட்டில் வைத்தாள். "எழுது தாயி, நல்ல நாளு" என்றாள்.

பூனை எங்களோடு நெடுங்காலம் இருந்தது. அம்மா கடைசிவரை அதைத் திட்டினாள், கடைசிவரை அவளே பாலும் ஊற்றினாள். கறைபட்ட கதைப்புத்தகத்துக்கு அத்தை துணியில் உறை தைத்து, அதில் ஒரு பூனையையும் மூன்று குட்டிகளையும் பின்னிக் கொடுத்தாள். வாசகசாலைக்காரர் அதை வெகுநாள் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். மாசியில் அத்தைக்கு மகன் பிறந்தான். அவளை அடித்துத் துரத்திய புகுந்த வீட்டாரே, பூஜை முடிந்ததும் திருப்பி அனுப்பச் சொல்லி அப்பாவைப் போனில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியவந்தது. அத்தை திரும்பிப் போகவேயில்லை. அவளுடைய மகன்தான் இன்று அந்தக் கடையைப் பார்க்கிறான். அவன் காலடியில் ஏதாவது ஒரு பூனை எப்போதும் கிடக்கிறது.

ஆனால் அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பூனை பிழைத்தது என்பது மட்டும்தான். அம்மாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்ல அடுக்களைக்கு ஓடினேன். அங்கே எனக்கு முன்னால் அத்தை, அம்மாவின் தோளில் முகம் புதைத்து, "மைனி, ஒங்கள மறக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அழுதது நான், பூனை என்னுடையது. இவள் எதற்கு முந்திக்கொண்டு நன்றி சொல்கிறாள்?