பத்துச் சதுர ரங்கோலி

என் முனைவர் பட்டம் ஆம்பூருக்கு வெளியே, தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடையை ஒட்டிய ஒரு தரிசில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு மீட்டர் அளவில் பத்துச் சதுரங்களைக் கயிறு கட்டிப் பிரித்து, உப்பேறிய மண்ணில் என்னென்ன புல்பூண்டு, எத்தனை முளைக்கிறது என்று எண்ணுவதுதான் வேலை. ஒன்றரை வருடம் குனிந்து எண்ணியதில் இடுப்பு போனதுதான் மிச்சம். கடைசி எண்ணிக்கை ஒன்று பாக்கி. அது தவறினால் அடுத்த மழைக்காலம்வரை காத்திருக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே, "புல்லு எண்றதுக்கு எத்தினி வருஷம் படிப்ப?" என்று ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் கடைசி எண்ணிக்கைக்குப் பேராசிரியரும் வருவதாகச் சொன்னார். நிலத்துக்காரரின் மனைவி ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருப்பவர். அவரிடம், "நாளைக்கு எங்க சார் வர்றாருக்கா" என்று வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் சொல்லிவைத்தேன்.

மறுநாள் பேராசிரியரோடு வண்டியை விட்டு இறங்கும்போதே பகீரென்றது. சதுரங்களெல்லாம் மொட்டை. கயிறு மட்டும் விறைப்பாக நின்றது. உள்ளே தண்ணீர் தெளித்து, ஒவ்வொன்றிலும் கலர்ப்பொடி ரங்கோலி. முதல் சதுரத்தில் இரண்டு மயில்கள். பக்கத்தில் கலர்ப்பொடிக் கிண்ணத்தோடு அக்கா. நல்லவேளை, மண் மாதிரியை முந்தின வாரமே எடுத்திருந்தேன். இல்லாவிட்டால் ஆம்பூர் மண்ணில் கோலமாவு ஜாஸ்தி என்று ஆய்வேட்டில் எழுதியிருப்பேன்.

"இன்னாக்கா இது?"

"லீவு போட்டுட்டு விடிகாலைலயே வந்து பண்ணேன் மேடம். கம்பெனிக்கு ஷூ வாங்குற பையர் வந்தா இப்டித்தான் பண்ணுவோம். பெரியவரு வர்றப்ப குப்பையா இருந்தா உங்களத்தான தப்பா நெனைப்பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் மயிலை மிதித்திருப்பேன். எனக்காக ஒரு நாள் லீவு போட்டவரைத் திட்டத்தான் வாய் வரவில்லை. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, "மயில் நல்லா இருக்கும்மா" என்றார்.

"புடுங்கினத ஆட்டுக்குப் போட்டுட்டீங்களாக்கா?"

"ஐயே, ஓடைத்தண்ணி குடிச்ச பூண்டு அது. ஆடு தின்னா கழியும். அந்தந்த கட்டத்தோடத தனித்தனியா வேலியோரம் வெச்சிருக்கேன். கம்பெனில ஒரு லாட்டு தோலு இன்னொரு லாட்டோட கலந்தா சூப்பர்வைசர் கத்துவாரு, அந்தப் பழக்கம்."

போன உயிர் திரும்பி வந்தது. பேராசிரியரும் நானும் வேலியோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வாடிப்போன அறுகையும் கோரையையும் சாரணையையும் வேரைப் பிடித்துப் பிடித்து எண்ணினோம். ஒன்பது குவியல் முடிந்தது. பத்தாவதைக் காணோம்.

பத்தாவது சதுரம் ஓடைக்கரையிலேயே இருப்பது. உப்பு வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் மண். அதோடு ஒப்பிடாமல் மற்ற ஒன்பதுக்கும் அர்த்தமே கிடையாது.

"கடைசி கட்டத்தோடது எங்கக்கா?"

"அங்க ஒண்ணே ஒண்ணுதான் இருந்துது மேடம். அந்த மண்ணுல எப்டியோ வந்துட்டுது. அதப் போயி புடுங்க மனசு வர்ல."

ஓடிப்போய்ப் பார்த்தேன். ரங்கோலியின் நட்டநடுவில் சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு சாரணைச் செடி நின்றது. இலையில் பொடி படாமல், சுற்றிலும் மஞ்சளில் ஒரு வட்டம் போட்டிருந்தார். கண் கலங்கிவிட்டது. பேராசிரியர் பார்க்காதபடி குனிந்துகொண்டு, நோட்டில் 'ஒன்று' என்று எழுதினேன்.